பிறர் தட்டை நோக்காமை

அயல் மாநிலத்தில் தமிழாராதனைக்குக் கூடுவோர் சிலரே. அச்சிலருள்ளும் ஒருவர் லெந்து நாள்களில் புலால் விலக்குவார், மற்றவர் விலக்கார். ஒரு பெண்மணி பூச்சூடுவார். மற்றொருவர் நகையும் அணியார். இவற்றைக் கொண்டு பக்தியை அளக்கப் புகுந்து, பேச்சற்றுப்போன குடும்பங்களை நான் அறிவேன்.

உணவையும் பண்டிகையையும் காட்டி எவரும் உங்களைக் குற்றப்படுத்த இடந்தர வேண்டா என்பது, பவுலடிகள் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரக் கருத்து. இதனை விரும்பிச் சொல்வோர், ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தையும் எண்ணுதல் நன்று. உண்ணாதவர் உண்பவரைத் தீர்ப்பிடலாகாது என்பதோடு, உண்பவர் உண்ணாதவரை இகழலாகாது என்றும் அது விதிக்கிறது.

என் தாயார் வெள்ளிதோறும் நோன்பிருந்தார், நான் இருந்ததில்லை. அவர் என்னைக் கடிந்ததில்லை. நான் அவரை எள்ளியதுமில்லை. விடுதலை பெற்றவர் பிறர் தட்டை எட்டிப் பாரார்.