மாடிவீட்டுப் பெட்டி

சென்னையை அடுத்த முடிச்சூர். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை, பொழுது சாய்கிற நேரம். மிக்ஜாம் புயல் இன்னும் கரை கடக்கவில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கரண்ட் எப்போதோ நின்றுவிட்டது. தெருவோர மின் பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நிற்கும்போது கரண்ட் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

கீழ்வீட்டுக்காரர்கள் மாடி ஹாலில் பாய் விரித்திருக்கிறார்கள். அவர்களுடைய இன்வெர்ட்டர் கீழே மூழ்கிக் கிடக்கிறது. அதன் டியூபுலர் பேட்டரி மட்டுமே ஐம்பது கிலோவுக்கு மேல். வெள்ளம் வாசலேறியபோது அதை யார் தூக்குவது? மாடிவீட்டு இளைஞனிடம் இருப்பது கைப்பிடி வைத்த லித்தியம் பெட்டி. பன்னிரண்டு கிலோ, ஒரு யூனிட் மின்சாரம். முகப்பில் 64% என்று ஒளிர்கிறது. ஹாலில் எல்லோர் கண்ணும் அந்த எண்மேல்தான்.

“தம்பி, ரெண்டு நிமிஷம் மோட்டார் போட்டா டேங்க்ல கொஞ்சம் ஏறிடும்ல?”

“ஒரு ஹெச்பி மோட்டாரை இது இழுக்காது அண்ணே. ஸ்டார்ட் ஆகும்போதே பல மடங்கு கேக்கும், பெட்டி ஆஃப் ஆயிடும். சம்ப்லயும் சாக்கடை கலந்திருக்கும்.”

கேட்டவர் காலி வாளியைச் சுவரோரம் வைக்கிறார்.

ஜன்னலோரம் ஓர் அம்மா. போனில் முழுச் சார்ஜ், ஆனால் சிக்னல் இல்லை. டவருக்கும் பேட்டரிதானே, அதுவும் தீர்ந்திருக்கும். போனை உயர்த்திப் பிடிக்கிறார், இறக்குகிறார், மறுபடி உயர்த்துகிறார். பெருங்களத்தூரில் மகள் வீடு.

உள்ளறையில் பாட்டிக்கு இழுப்பு. நெபுலைசரைக் கொண்டுவருகிறார்கள். யாரும் சொல்லவில்லை, ஆளாளுக்குப் பெட்டியிலிருந்து தங்கள் போனைக் கழற்றிக்கொள்கிறார்கள். அவசியமே இல்லை, எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு வாட்தான், பெட்டி தாங்கும். ஆனாலும் கழற்றுகிறார்கள். கம்ப்ரஸர் இரைகிறது. பத்து நிமிடத்தில் பாட்டியின் தோள் தணிகிறது. எண் 61.

அதன்பிறகு ஃபேன் வேண்டுமென்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய சீலிங் ஃபேன் ஒன்று எழுபத்தைந்து வாட். விடிய விடியச் சுற்றினால் மிச்சத்தைக் காலி செய்துவிடும். பாட்டிக்கு நடுராத்திரியில் மறுபடி இழுக்கலாம். எல்லோரும் கொசுவைக் கையால் விரட்டிக்கொள்கிறார்கள். இளைஞன் பெட்டியைப் பாட்டியின் தலைமாட்டுக்கு நகர்த்திவைக்கிறான்.

2015 வெள்ளத்திலும் இந்தப் பகுதி மூழ்கியது. மறு வருடம் வர்தா புயல் வந்து மரங்களையும் கம்பங்களையும் சாய்த்தது. முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் இருட்டு மறுபடியும் வரும். எல்லா வீட்டுக்கும் இப்படி ஒரு பெட்டி கட்டுப்படியாகாது. நலச்சங்கம் பணம் திரட்டித் தெருவுக்கு ஒன்று வாங்கலாம், மாடிவீட்டில் வைக்கலாம். எந்த வீட்டில் நெபுலைசர், எந்த வீட்டில் ஆக்ஸிஜன் இயந்திரம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளலாம். புயல் மேகத்தின் அடியில் சோலார் பலகை அதிகம் தராது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதனால் செப்டம்பரிலேயே பெட்டியில் சார்ஜை நிரப்பி, நெபுலைசரை ஒருமுறை அதில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.