கிளெர்வோ கோட்டையும் ஒரு வகுப்புப் படமும்

2023-ம் வருஷம் மே மாதம், மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று லக்ஸம்பர்க் போயிருந்தேன். உலகப்படத்தில் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் நடுவே கடுகு போலத் தெரியும் நாடு. காரில் ஏறி எந்தத் திசையில் போனாலும் இரண்டு மணி நேரத்துக்குள் வேறு தேசம் வந்துவிடுகிறது! அந்தக் கடுகுக்குள்தான் எத்தனை விதமான ஜனங்கள்! குடியிருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளிநாட்டுப் பிரஜைகள். போர்த்துகல்லிலிருந்து வந்தவர்கள்தான் அதில் அதிகம்.

ஏழு வயதுப் பேரன் அங்கே சர்க்கார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எழுதப் படிக்க ஜெர்மன், பேச லக்ஸம்பர்க் பாஷை, கூடவே ஃப்ரெஞ்சு, வீட்டுக்கு வந்தால் தமிழ். குழந்தைக்குத் தலை சுற்றாதோ என்று எனக்குத்தான் கவலை. அவன் பாட்டுக்குத் தண்ணீரில் மீன் மாதிரி நீந்துகிறான்.

ஜூன் மாதம் பள்ளியில் வகுப்புப் படம் எடுத்தார்கள். அதற்கு முன்னால் பெற்றோர் கையெழுத்திட்டு அனுமதி தரவேண்டும். யாராவது "வேண்டாம்" என்றால் அந்தக் குழந்தையை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்களாம். நாம் படித்த காலத்தில் மரத்தடியில் பெஞ்சுகளைப் போட்டு, "ஆடாதே, அசையாதே" என்று அதட்டி எடுத்ததோடு சரி. அனுமதியாவது ஒன்றாவது!

படம் வீட்டுக்கு வந்தது. பதினாறு குழந்தைகள், மூன்று வரிசை. பேரன் ஒவ்வொருவராகத் தொட்டுச் சொன்னான். இவள் போர்த்துகல், இவன் இத்தாலி, இந்த இரட்டைச் சடைக்காரி மான்டிநீக்ரோ, முன்பல் விழுந்தவள் உக்ரேன். இவனுக்குப் பக்கத்தில், இவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்பவன் கேப் வெர்டி தீவுக்காரப் பையன். அவன்தான் உயிர்த்தோழன்.

சகோதரிகளே, அந்தப் படத்தைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருந்ததா?

"என்னடி இது, குழந்தை இத்தனை கறுப்பா விழுந்திருக்கானே! ஊர்லேருந்து கொண்டு வந்த பயத்தம்மாவு அப்படியே இருக்கு. நாளையிலேருந்து நல்லாத் தேய்ச்சுக் குளிப்பாட்டு."

"அம்மா, நீ சும்மா இரேன்" என்றாள் மகள். நான் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. என் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னது, நான் என் பெண்ணைப் பார்த்துச் சொன்னது. நம் வீடுகளில் இட்லி மாவு புளித்ததா என்று கேட்கிற மாதிரிதானே இதையும் சொல்கிறோம்!

நாலாம் நாள் பள்ளியிலிருந்து மகளுக்கு ஃபோன். பையன் பையில் ஏதோ மஞ்சள் நிறப் பொடி, காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறான், என்ன பொடி என்று தெரியவில்லை, வந்து பார்க்க முடியுமா என்று டீச்சர் கேட்டார். மகள் பதறிக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் இருவரும் வந்ததும்தான் விஷயம் தெரிந்தது. பயத்தம்மாவைப் பொட்டலம் கட்டித் தோழனுக்குக் கொண்டு போயிருக்கிறான் என் பேரன்! "அவன் என்னைவிடக் கறுப்பு இல்லியா பாட்டி? பாவம், அவங்க வீட்ல பயத்தம்மாவு இல்ல" என்றான்.

ஆசையாகத்தான் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்ட பிள்ளை, எதற்கு என்று கேட்டானாம். இவன் சொன்னானாம். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை அன்று முழுக்க இவனோடு விளையாட வரவில்லை.

மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மறுநாள் காலை அந்த மாவு டப்பாவைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த சனிக்கிழமை வெளியே போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. வடக்கே மலைப்பக்கம் கிளெர்வோ என்று ஒரு சின்ன ஊர். லக்ஸம்பர்க் நகரத்திலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். டிக்கெட் வாங்க வேண்டாம். 2020 மார்ச் முதல் அந்த நாட்டில் பஸ், ரயில், டிராம் எல்லாமே இலவசம். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு. காடும் ஆறும் மாறி மாறி வந்தன. பேரன் ஜன்னலோரம் உட்கார்ந்து குகைகளை எண்ணிக்கொண்டு வந்தான்.

பள்ளத்தாக்கு நடுவே குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று கோட்டை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்தது. 1944 டிசம்பரில் நடந்த ஆர்டென்ஸ் சண்டையில் எரிந்து போய், பிறகு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். முற்றத்தில் அந்தக் காலத்து டாங்கி ஒன்று நிற்கிறது. பேரனை அதிலிருந்து பிய்த்துக்கொண்டு போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கோட்டைக்குள்தான் 'தி ஃபேமிலி ஆஃப் மேன்', மனிதக் குடும்பம் என்கிற புகைப்படக் கண்காட்சி. எட்வர்ட் ஸ்டைகன் என்பவர் தொகுத்தது. 68 நாடுகளிலிருந்து 273 பேர் எடுத்த 503 படங்கள். 1955 ஜனவரியில் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் முதலில் வைத்தார்கள். அப்புறம் அது ஊர் ஊராக, தேசம் தேசமாகச் சுற்றியது. ஸ்டைகன் பிறந்தது லக்ஸம்பர்க்கில். பால் மறக்கும் வயசிலேயே பெற்றோர் அமெரிக்காவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். படங்கள் தான் பிறந்த மண்ணில் இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட, 1994-லிருந்து அவை இந்தக் கோட்டையில் நிரந்தரமாக இருக்கின்றன. யுனெஸ்கோ 2003-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

காதல், கல்யாணம், பிரசவம், குழந்தைகள், வேலை, சாப்பாடு, துக்கம் என்று வாழ்க்கை வரிசையாகப் போகிறது. கைகோத்து வட்டமாகச் சுற்றி விளையாடும் குழந்தைகள் வேறு வேறு தேசத்தில்! பாவாடையும் தொப்பியும்தான் வேறு. கால் தூக்கும் அழகு நம் தெருப் பிள்ளைகளின் தட்டாமாலைதான். புல்லாங்குழல் ஊதும் பெரு தேசத்துப் பையன் ஒருவன் அங்கங்கே திரும்பத் திரும்ப வந்து சிரிக்கிறான். கடைசிப் படத்தில் ஒரு சிறுவனும் சிறுமியும் கைபிடித்து, இருண்ட மரங்களுக்குள்ளிருந்து வெளிச்சத்தை நோக்கி நடக்கிறார்கள். யூஜின் ஸ்மித் 1946-ல் எடுத்தது. அவருடைய சொந்தக் குழந்தைகள். யுத்தத்தில் குண்டடி பட்டுப் பல ஆபரேஷன்களுக்குப் பிறகு அவர் எடுத்த முதல் படம் என்று மகள் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேரனுக்கு ஒரே சந்தேகம்தான். "பாட்டி, இவன் பேர் என்ன? இவ பேர்?" படங்களுக்குப் பக்கத்தில் எடுத்தவர் பெயரும் தேசமும்தான் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை. "தெரியலைடா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரோலான் பார்த் என்ற ஃப்ரெஞ்சு எழுத்தாளர், எல்லாரும் ஒன்று என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அநியாயங்களை மூடி மறைக்கிறது என்று அந்தக் காலத்திலேயே இந்தக் கண்காட்சியைக் குறை சொன்னாராம். பேரன் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானோ என்னவோ!

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தபோதுதான் மகள் ஒரு கதை சொன்னாள். ஸ்டைகன் 1963-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதியிருப்பதாம். அவருடைய அம்மா பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்திருந்தார். பத்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைக்குள் நுழையும்போது, தெருவில் நின்ற ஒரு பையனைப் பார்த்து யூதர்களை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தையைக் கத்தினான். அம்மா கூப்பிட்டு, என்ன சொன்னாய் என்று கேட்டார். அவன் கள்ளம் இல்லாமல் அதையே திருப்பிச் சொன்னான். கடையில் வாடிக்கைக்காரர்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வியாபார நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு, பிள்ளையை மாடிக்கு அழைத்துப் போய் நெடுநேரம் பொறுமையாகப் பேசினாராம். இந்தக் கண்காட்சிக்கு விதை அன்று விழுந்தது என்கிறார் ஸ்டைகன்.

எனக்காகத்தான் சொன்னாளா, பொதுவாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மா கடையைப் பூட்டினாள். நான் பயத்தம்மாவு டப்பாவைத் திறந்து கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிறு. முறுக்கு பிழிந்து எடுத்துக்கொண்டு அந்தத் தோழன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டாள். மகள் ஃப்ரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள்; நான் கையைக் கூப்பினேன். வேறு என்ன பாஷை எனக்குத் தெரியும்?

அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலும் அதே வகுப்புப் படம். அவளுக்கும் அதில் குறை இருந்தது. அதை மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்குச் சுரீரென்றது. "என் பிள்ளைக்குக் கண்ணும் பல்லும்தான் தெரியுது. முகம் எங்கே?" என்று கேட்டாளாம். பிள்ளை கறுப்பாக இருக்கிறான் என்று நான் குறைப்பட்டேன். கறுப்பான முகத்தை ஒழுங்காக எடுக்கத் தெரியவில்லையே என்று அவள் குறைப்பட்டாள். இரண்டும் ஒன்றா?

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஃபிலிம் காலத்தில், நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க லாபரட்டரிகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரியாக வைத்திருந்தார்கள். 'ஷெர்லி கார்டு' என்று பெயர். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் சேர்ந்து நிற்கும் வகுப்புப் படங்களில் கறுப்புக் குழந்தைகளின் முகம் மட்டும் மையாக அப்பிக்கொள்ளும். கனடாவைச் சேர்ந்த லோர்னா ராத் என்ற ஆய்வாளர் 2009-ல் இதைப்பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கோடக் கம்பெனி ஃபிலிமைத் திருத்த முனைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், சாக்லேட்காரர்களும் மர நாற்காலி மேஜை செய்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் செய்ததுதானாம். சாக்லேட்டுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகும், வெளுத்த முகங்களுக்கு ஏற்றபடி வெளிச்சத்தைக் குறைத்தால் மற்ற முகங்கள் இருண்டுதான் போகும். அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. வெயில் நேராக விழாத ஜன்னலோரமாக இரண்டு பையன்களையும் நிறுத்தினாள். பின்னாலிருந்த வெள்ளைச் சுவரை மறைக்க நீலப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டாள். ஃபோனில் தன் பிள்ளையின் கன்னத்தை விரலால் தொட்டு, அதற்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டு எடுத்தாள். அவன் மூக்கின் மேலிருக்கும் சின்னத் தழும்பு வரைக்கும் தெரிந்தது. என் பேரனும் அவன் நிறத்திலேயே இருந்தான்.

பிரதி போட்டுக் கொண்டு வந்து எங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறேன். பின்பக்கம் இருவர் பெயரையும் பேரனையே எழுத வைத்தேன். பிறர் வீட்டுப் பிள்ளை என்பதால் இங்கே எழுதவில்லை. முறுக்கை மென்றுகொண்டே நின்றதால் பேரனுக்கு ஒரு கன்னம் மட்டும் உப்பியிருக்கிறது.