பன்னிரண்டாம் மாடியில் ஒரு கடல்

பாசிர் ரிஸ் வட்டாரத்தில், பன்னிரண்டாம் மாடியில் உள்ள ஒரு வீவக வீட்டின் வரவேற்பறையில் தொலைக்காட்சி இருக்கவேண்டிய இடத்தில் கடல் இருக்கிறது. நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. நீல விளக்கொளியில் பச்சை, ஆரஞ்சு, ஊதா என மின்னும் பவளங்கள். வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற மின்தொழில்நுட்பர்.

"செடின்னு நினைச்சிடாதீங்க தம்பி. எல்லாம் உயிர்ப்பிராணி" என்றார்.

பவளம் ஒரு விலங்குதான். அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை வாடகைபோல் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது.

அவருக்கு மிகப் பிடித்தது தங்கநிற 'டார்ச்' பவளம். விரல் விரலாக நீண்டு நீரோட்டத்தில் அசைகிறது. இந்த வகையில் ஒரு தலைக்கே நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுப்பவர்கள் உண்டு. தலை ஒன்று மெல்ல இரண்டாகப் பிரியும். அடியிலுள்ள சுண்ணாம்புக்கூடு கிளைவிட்டதும் சிறு ரம்பத்தால் அறுத்துத் தனியே வளர்க்கலாம். கிளைப் பவளங்களை நறுக்கி, சூப்பர் குளூ வைத்துச் சின்னக் கல்லில் ஒட்டிவிடுகிறார். நாளாவட்டத்தில் அது கல்லைப் பற்றிப் படர்கிறது.

கவனிப்பு மட்டும் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல. வெப்பம் 26 டிகிரி செல்சியஸ், உப்புநீரின் ஒப்படர்த்தி 1.025, கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 420 மில்லிகிராம். ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீர்தான் ஊற்றவேண்டும், இல்லாவிட்டால் உப்பு ஏறிவிடும். நம் ஊர் வெக்கைக்குக் குளிரூட்டும் கருவி இரவு பகலாக ஓடுகிறது. மின்சாரம் போனால் என்ன செய்வது? பேட்டரியில் இயங்கும் காற்றுக் கருவி ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்.

இவ்வளவு அழகும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கடைகளுக்கு வரும் பவளங்களில் பல இந்தோனீசியக் கடல்களைச் சேர்ந்தவை. கல் பவளங்கள் 'சைட்டிஸ்' உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. 2018ல் இந்தோனீசியா பவள ஏற்றுமதியையே நிறுத்தியது. 2020ல்தான் மீண்டும் தொடங்கியது. "அதுக்கப்புறம் இன்னொருத்தர் தொட்டியில வெட்டி வளர்த்ததை மட்டும்தான் வாங்குறேன். கடல்ல கைவைக்க மனசு வரல" என்றார்.

அடுத்த வார இறுதியில் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகேறினேன். 1874ல், கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் நிலையம் தொடங்கப்பட்ட தீவு இது. இன்று இங்கே தேசியக் கடல்சார் ஆய்வுக்கூடம் இயங்குகிறது.

கரையோரம் நின்று பார்த்தால் தண்ணீர் கலங்கலாகத்தான் தெரியும். வண்டல் வெளிச்சத்தை மறைப்பதால், நம் பவளங்கள் ஆழமில்லாத பகுதியிலேயே ஒண்டி வாழ்கின்றன. தொட்டியில் பார்த்த மின்னலும் இங்கே இல்லை. பெரும்பாலும் பழுப்பும் மங்கிய பச்சையும்தான். ஒளிரும் புரதங்களை எடுத்துக்காட்ட அந்த நீல விளக்கு வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஏறத்தாழ 250 வகைக் கல் பவளங்கள் சிங்கப்பூர்க் கடலில் வாழ்வதாகப் பதிவாகியுள்ளது. நிலமீட்பாலும் கரையோர மேம்பாட்டாலும் பெரும்பகுதிப் பவளத்திட்டுகளை இழந்த பிறகும் இந்த நிலை என்பது வியப்புதான்.

2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம், ஒரு லட்சம் பவளங்களை நடும் முயற்சியைத் தொடங்கியது. குறைந்தது பத்தாண்டு வேலை. உடைந்து கிடக்கும் துண்டுகளை எடுத்து, இந்தத் தீவில் தொட்டியில் வளர்த்து, பிறகு கடலில் நடுகிறார்கள். வீட்டுத் தொட்டியில் நான் பார்த்த அதே கைவேலைதான், ஆனால் போகும் திசை வேறு.

அதே 2024ல்தான் கடல் சூடேறி, நம் பவளங்கள் வெளுத்தன. வெப்பம் மிஞ்சினால் பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றிவிடும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் பட்டினியால் சாகும். தொட்டிக்குக் குளிரூட்டி வாங்கலாம், கடலுக்கு எந்தக் கடையில் வாங்குவது?

வீட்டில் பவளம் வளர்க்க ஆசைப்படுவோருக்கு ஒன்று சொல்வேன். கடைக்குப் போகுமுன் இந்தத் தீவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். குடிதண்ணீரும் தொப்பியும் மறக்கவேண்டாம். நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போனால், மங்கலான பழுப்பு நிறத்தில் கரையோரம் ஒட்டிக்கொண்டு உயிர்வாழும் ஒன்றைக் காணலாம். அதைப் பார்த்தபின், கடைக்காரரிடம் "என்ன விலை?" என்பதற்கு முன்பே "எங்கே வளர்ந்தது?" என்று கேட்கத் தோன்றும்.