மஞ்சள் ஆச்சரியக்குறி

பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் வீட்டுலயே பொட்டி படுத்துக்கிட்டா அவனுக்குக் கிடைக்கிற மரியாதையே தனி மக்களே. இது அந்தக் கதை.

எங்கப்பா தாலுகா ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். கடையில ஒரு பழைய கம்ப்யூட்டர். 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. கூடவே ஒரு ஸ்கேனர். தயாரிச்ச கம்பெனி அதை எப்பவோ மறந்துடுச்சு. அப்பா மட்டும் தினமும் காலையில அதோட கண்ணாடியைத் துடைச்சிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

2023 தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சில தளங்கள் சரியா திறக்கலைன்னு அப்பா சொன்னார். விண்டோஸ் 7-ல குரோம் 109-க்கு மேல ஏறாது. அவர் சொன்னது அவ்வளவுதான். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! "64 பிட் விண்டோஸ் 10 போட்டுடலாம்ப்பா, பறக்கும்" என்றேன். "ஓடுறதை எதுக்குடா நோண்டுற?" என்றார். கேட்போமா?

ராத்திரியோட ராத்திரியா ஃபார்மட் பண்ணிப் போட்டாச்சு. டிவைஸ் மேனேஜரைத் திறந்தா வரிசையா மஞ்சள் ஆச்சரியக்குறி. நெட் வரணும்னா டிரைவர் வேணும், டிரைவரை இறக்கணும்னா நெட் வேணும். செல்போனை யுஎஸ்பி கேபிள்ல மாட்டி, டெதரிங் போட்டு ஒரு வழியா அதைத் தாண்டினேன். ஸ்கேனர் மட்டும் அசையலை. அதுக்கு இருந்தது 32 பிட் டிரைவர் மட்டும்தான். பழைய 32 பிட் மென்பொருள் 64 பிட் விண்டோஸ்ல ஓடிடும். டிரைவர் அப்படி இல்லை, அது 64 பிட்டாவே இருக்கணும். இதெல்லாம் காலேஜ்ல பக்கம் பக்கமா எழுதி மார்க் வாங்கினவன்தான் நான் :-(

மறுநாள் காலையில ஒரு பாட்டி, முதியோர் உதவித்தொகைக்கு ஆதார் கார்டை ஸ்கேன் பண்ண வந்தாங்க. அப்பா என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன். "எதுத்த கடையில எடுத்துக்கங்கம்மா"ன்னு அனுப்பிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அப்புறம்தான் உறைச்சது. 2 ஜிபி ரேமுக்கு 64 பிட் எதுக்கு? விண்டோஸ் 10-லயே 32 பிட் பதிப்பும் உண்டே! மறுபடி அதைப் போட்டு, பரண்ல கிடந்த பழைய சிடியைத் தேடி எடுத்து டிரைவரை நிறுவினேன். ஸ்கேனர் விளக்கு எரியுறப்ப சாயங்காலம் ஆயிடுச்சு. அன்னிக்கு ஸ்கேன் வியாபாரம் சுத்தமா போச்சு.

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிஞ்சது. விண்டோஸ் 11-ல 32 பிட் பதிப்பே கிடையாது. இந்தத் தடவை எதையும் அழிக்கலை. அப்பா பக்கத்துல உட்கார்ந்து, தினமும் எதெது இல்லாம கடை நடக்காதுன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டேன். பென்டிரைவ்ல இருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்தேன். ஸ்கேனர் தானா வந்து நின்னுச்சு! கம்பெனி கைகழுவின சாமானுக்கு, முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து டிரைவர் எழுதி வச்சிருக்காங்க. மகராசனா இருக்கணும்.

"இப்ப மாத்தட்டுமாப்பா?"ன்னு கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மாத்து. கடை லீவு" என்றார்.

டிஸ்கி: அந்தப் பாட்டி திரும்ப வந்தாங்களான்னு கேக்குறீங்களா? வந்தாங்க, ஜெராக்ஸ் எடுக்க. ஸ்கேனுக்கு இன்னும் எதுத்த கடைதான்.