பெயருள்ள கற்கள்

பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் இரண்டு வாரம் பேச்சு நடந்தது. என் கணவர் காரிலேயே தாய்லாந்து போகலாம் என்றார். மகனுக்கு எராவான் அருவி. மகளுக்குக் குவாய் நதிப் பாலத்தில் படம் எடுக்க வேண்டும். இரண்டும் காஞ்சனபுரியில் இருந்ததால் சண்டை சுலபமாக முடிந்தது. அதுவரை வாசலில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா, "சயாமுக்கா? நானும் வரேன்" என்றார்.

அப்பாவுக்கு வயது 82. பந்திங்கில் நடந்த கல்யாணத்துக்குக்கூட முதுகுவலி என்று வராதவர். மேருவிலிருந்து காஞ்சனபுரி 1,400 கிலோமீட்டருக்கு மேல். "மாமா, மூணு நாள் உட்காந்தே வரணும்" என்று கணவர் சொல்லிப் பார்த்தார். "எங்கப்பன் கூட்ஸ் வண்டியில நின்னுக்கிட்டே போனான். எனக்கு ஏர்கோன் காடி இருக்கு இல்ல" என்றார் அப்பா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

என் தாத்தா 1943இல் சயாமுக்குப் போனவர். ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர். மூன்று மாத வேலை, நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி, அரிசி உண்டு என்று சொல்லித் தோட்டத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். அப்போது அப்பாவுக்கு ஒரு வயது. சண்டை முடிந்து எதிர்லயத்துக்காரர் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். மழைக்காலத்தில் ஒரு கேம்பில் தாத்தாவைப் பார்த்ததாகவும், பிறகு தன்னை வேறு கேம்புக்கு மாற்றிவிட்டதாகவும் மட்டும் சொன்னார். செத்துப்போனார் என்று அவர் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை வராததால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை. 1989இல் பாட்டி இறந்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது. எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் திதி கொடுத்ததே இல்லை. எந்த நாளில் கொடுப்பது?

புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டிச் சாதாவ் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்றோம். அதிகாரி அப்பாவின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்தார். நம் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா பெயர், பிறகு 'அ/லெ', பிறகு தாத்தா பெயர். தாத்தாவின் பெயர் எழுத்தில் இருக்கிற இடம் என் அப்பாவின் அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும்தான். பத்திரம் இல்லை, படம் இல்லை, கல் இல்லை. இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

ஹட்யாயில் ஓர் இரவு, சும்போனில் ஓர் இரவு. மூன்றாம் நாள் இருட்டியபின் காஞ்சனபுரி. மறுநாளுக்குக் கணவர் போட்ட திட்டம் இது: காலையில் பாலம், அடுத்து போர்க் கல்லறைத் தோட்டத்தில் பதினைந்து நிமிடம், பத்து மணிக்கு அருவிக்குக் கிளம்புவது.

பசியாறிவிட்டு எட்டு மணிக்கெல்லாம் பாலத்தில் இருந்தோம். ஐஸ்கிரீம் வண்டி, யானைப்படம் போட்ட சிலுவார், பேரம் பேசும் கூட்டம். பாலத்தின் வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜப்பானியர் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை. குண்டுவீச்சில் விழுந்த பகுதியில் போருக்குப் பின் நேர்க்கோட்டுச் சட்டங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். மகள் கைப்பேசியில் படித்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். டேவிட் லீனின் படம் வந்தது 1957இல். அதை எடுத்தது இங்கே அல்ல, இலங்கையின் கித்துல்கலவில். படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் குவாய் நதி எங்கே என்று கேட்கப்போய், மே குளோங் என்றிருந்த ஆற்றின் இந்தப் பகுதிக்கே 1960களில் குவாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள். மூலக்கதை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல் போருக்கு முன் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர்.

"அப்பன்னா அவருக்கு நம்ம ஆளுங்களத் தெரிஞ்சிருக்கும்தானே? படத்துல ஒருத்தரையும் காணோம்" என்றாள் மகள்.

அப்பா பாலத்தில் ஏறவில்லை. தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தாத்தா, ஒரு செல்பி லா" என்று மகன் தோளில் கை போட்டான். அப்பா சிரித்தார். அந்தப் படத்தில் அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது ஒன்பது மணி. அவ்வளவு சுத்தமான புல்வெளியை நான் பார்த்ததில்லை. 6,982 போர்க்கைதிகள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள், ஆஸ்திரேலியர்கள், டச்சுக்காரர்கள். ஒவ்வொரு கல்லின் மேலும் வெண்கலத் தகட்டில் பெயர், வயது, இறந்த நாள். இடையிடையே பூச்செடிகள்.

அப்பா முதல் வரிசையின் முதல் கல்லில் குனிந்தார். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். ஒரு கல், அடுத்த கல், அடுத்தது. மூன்றாவது வரிசைக்குப் போனபோதுதான் அவர் என்ன தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்தது.

"அப்பா, இதெல்லாம் சோல்ஜர்ங்க. தாத்தா பேரு இங்க இருக்காது."

"ஒண்ணாதானே வேல செஞ்சாங்க. ஒண்ணாதானே செத்தாங்க" என்றார். நிமிரவில்லை.

பத்து மணி ஆயிற்று. பத்தரை ஆயிற்று. மகன் கார் சாவியைக் கேட்டு நச்சரித்தான். கணவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. யார்மீது என்று சொல்லத் தெரியவில்லை. நுழைவாயில் மண்டபத்திலிருந்து மகள் ஓடிவந்தாள். "அம்மா, இங்க இந்தியன் பேருங்க இருக்கு!" அப்பாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனோம். பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் நினைவாக வைத்தது அது. தாய்லாந்தின் முஸ்லிம் மையவாடிகளில் புதைக்கப்பட்ட சிப்பாய்கள். அந்த 11 பெயரையும் மகள் மெதுவாகப் படித்தாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "சரி, இவங்களுக்காச்சும் வெச்சாங்களே" என்றார்.

வாட்டர்பாட்டிலைக் கொடுத்து நிழலில் உட்கார வைத்தேன். எதிரே இருக்கும் ரயில்பாதை அருங்காட்சியகத்துக்குள் நானும் மகளும் போனோம். நோங் பிலாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். போர்க்கைதிகள் 60,000க்கு மேல். இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டி. இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கும் என்பது மதிப்பீடு. தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எல்லாம் அதில் அடக்கம். மலாயாவிலிருந்து போனவர்களில் நம்மவர்களே அதிகம்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படித்திருக்கிறேன். எண்கள் எனக்குப் புதிதல்ல. அன்று புதிதாகப் புரிந்தது வேறொன்று. கைதிகளுக்குக் கூடவே அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். அடி வாங்கினாலும் ஒளித்து ஒளித்துக் குறித்து வைத்தார்கள்: யார், எந்த கேம்ப், எந்த நாள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்த் தங்கள் ஆட்களைத் தேடி எடுத்து இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களுக்கு எழுத ஆளில்லை. 1943 மழையில் காலரா வந்தபோது குழிக்குள் போனவர்களுக்குக் கணக்கு இல்லை. தேடிப் போவதற்கும் அரசாங்கம் இல்லை. எழுதி வைத்ததனால் ஒருவருக்குக் கல் கிடைத்திருக்கிறது. எழுதாததனால் என் பாட்டி நாற்பத்தைந்து வருடம் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

வெளியே வந்தபோது அருவிக்கு நேரமில்லை என்று கணவரே மகனிடம் சொல்லியிருந்தார். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் இருந்தான்.

அருகிலேயே வாட் தாவோர்ன் வராராம் என்ற பழைய புத்த விகாரை. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் அங்கே உண்டு. 2023 மே 1ஆம் தேதி, தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் அங்கே திறக்கப்பட்டது. எண்பது வருடம் கழித்து. அப்பாவை அதன் முன் நிறுத்தினேன். கொஞ்சநேரம் சும்மா பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். காய்ந்துபோன வெற்றிலை, பாக்கு, இரண்டு கட்டி கற்பூரம். மேருவிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

காற்று அடித்தது. தீக்குச்சி அணைந்து அணைந்து போயிற்று. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகன் காரிலிருந்து இறங்கி வந்து, குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மறைத்துப் பிடித்தான். கற்பூரம் பற்றிக்கொண்டது.

"தாத்தா, உங்க அப்பா பேரு என்ன?" என்று கேட்டான்.

அப்பா பெயரைச் சொன்னார். "எங்க ஐசியிலயும் அது இருந்தா நல்லா இருக்கும்ல" என்றான் மகன். அப்போதுதான் எனக்குச் சாதாவ் அதிகாரி ஞாபகத்துக்கு வந்தார். என் அட்டையில் தாத்தா பெயர் இல்லை, அப்பா பெயரோடு நிற்கிறது. அப்பாவுக்குப் பிறகு அந்தப் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

திரும்பும்போது கேட்டேன். "அப்பா, இன்னைய தேதியவே தாத்தாவுக்குத் திதியா வெச்சிக்கலாமா? வருசா வருசம் செய்யலாம்."

அப்பா உடனே தலையை ஆட்டினார். "வேணாம்மா. திதின்னு வெச்சா எங்கம்மாவ தாலியறுத்தவன்னு ஆக்கிடுவேன். அவ அப்படிச் சாகல. நான் சும்மா பாத்துட்டுப் போவ வந்தேன்."

பிறகு பேரனைப் பார்த்து, "நாளைக்கு அருவிக்குப் போலாம்டா. நானும் வரேன்" என்றார்.

மறுநாள் எராவானின் ஏழு அடுக்கில் முதல் அடுக்கோடு அப்பா நின்றுகொண்டார். வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். மீன்கள் வந்து காலைக் கொத்தியபோது கூச்சத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். வீடு வந்ததும் நான் முதலில் செய்தது, ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கித் தாத்தாவின் பெயரை எழுதி வைத்தது. அதன் கீழே தோட்டத்தின் பெயர், போன வருடம், பாட்டி பெயர், எதிர்லயத்துக்காரர் சொன்னது. இறந்த நாள் என்ற இடத்தை அப்பா விருப்பப்படியே எழுதாமல் விட்டிருக்கிறேன்.