களம் இறங்குமுன்

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உள்ள மோட்டார்த் தொழிற்சாலைகளில் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்களில் வந்திறங்கும் இளைஞர்களில் சிலர், மாலை வேளையில் தண்டலத்துக் கபடிக் களமொன்றில் கூடுகிறார்கள் என்றும், அங்கே ஆட்டம் தொடங்குமுன் சரீரத்தைப் பதப்படுத்தும் வேலை மிகுந்த சிரத்தையுடன் நடைபெறுகிறது என்றும் கேள்விப்பட்டு, அதை நேரில் காண விரும்பிச் சென்றேன். அவ்வேலையை நடத்துகிறவர்கள் இருவர். ஒருவர், மண் தரையில் சடுகுடு பாடி வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த பயிற்சியாளர். எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. மற்றவர் பிசியோதெரபி படித்த இளம்பெண். பிள்ளைகள் அவரை ‘அக்கா’ என்கிறார்கள்.

நான் போனபோது அந்தப் பெண் ஒவ்வொருவனையும் சுற்றுச்சுவரின் எதிரே நிறுத்திப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். பாதத்தின் பெருவிரல் சுவரிலிருந்து ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தள்ளியிருக்க, குதிகாலைத் தரையை விட்டு எழுப்பாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். நாளெல்லாம் சேஃப்டி ஷூ அணிந்து சிமெண்டுத் தரையில் நின்று வேலை பார்த்து வந்தவர்களில் பலருக்கு அது எளிதாக இல்லை. “குதிகால் தூக்குது பாருங்க தம்பி, அது கணக்குல வராது” என்று அவர் பொறுமையாகத் திருத்தினார். 30 விநாடிக்குள் பாடிச் சென்று, காலை நீட்டித் தொட்டு, கணுக்காலைப் பிடிக்க வரும் கைகளிலிருந்து உடலைத் திருப்பிக்கொண்டு மீள வேண்டிய ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் மடங்காவிட்டால், அது ஏற்க வேண்டிய பாரத்தை முழங்கால் ஏற்க நேரிடுகிறது. மண்ணில் பாதம் சற்று வழுக்கிக்கொடுக்கும், ‘மேட்’ விரிப்பிலோ அது பற்றிக்கொள்ளும், உடல் திரும்பும்போது முழங்கால்தான் முறுக்குப்படும் என்பது மாஸ்டரின் அனுபவம்.

உடலை வளைத்து நீட்டிவிட்டாலே காயம் வராது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரைக் கொண்டு நடத்தி 2000-இல் வெளியான ஆராய்ச்சியோ, பயிற்சிக்கு முன் தசைகளை நீட்டி வைப்பதால் மட்டும் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று காட்டிற்று. நார்வேயில் கால்பந்து ஆடும் சிறுமிகளுக்கு ஓட்டம், பலம், சமநிலை, குதித்துத் தரையிறங்கும் முறை ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பித்தபோது, காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்பது 2008-இல் தெரிய வந்தது. வளைவு எவ்வளவோ அவ்வளவுக்கும் பலம் உடன் வர வேண்டும் என்பதே அந்தப் பெண்ணின் சித்தாந்தம். பார்த்த வரையில் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

அவர் மிகுந்த கவனத்துடன் செய்வித்த அப்பியாசம் ஒன்று உண்டு. முழந்தாளிட்ட ஒருவனின் கணுக்கால்களை மற்றொருவன் பின்னிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவன் இடுப்பை மடக்காமல், முழங்காலிலிருந்து தலை வரை உடலை நேராக வைத்தபடியே, இயன்றமட்டும் நிதானமாக முன்னே சாய்கிறான். தாங்க முடியாத நிலை வந்ததும் கைகளை ஊன்றி விழுகிறான். தொடையின் பின்புறத் தசை நீண்டுகொண்டே பாரம் சுமக்கும் அந்தச் சில விநாடிகளில் முகம் சிவந்து, கழுத்து நரம்புகள் புடைக்கின்றன. வேகமாக ஓடும்போது அத்தசை கிழிவதும் பெரும்பாலும் இப்படி நீண்டு தாங்கும் தருணத்தில்தான். இவ்வப்பியாசத்தைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் அத்தகைய காயம் சுமார் பாதியாகக் குறைந்ததென்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2019-இல் எழுதினார்கள். களத்தில் எதிரியை வீழ்த்தப் பழகிய அதே கணுக்கால் பிடி, இங்கே தோழனைத் தாங்கும் பிடியாக மாறியிருப்பதைக் கண்டு நான் பெரிதும் மகிழ்ந்தேன்.

மாஸ்டரின் பங்கு கர்லாக்கட்டை. இருவர் கைகோத்துப் பிடிக்கும்போது அந்தப் பிடியை உடைத்துக்கொண்டு ஓடுகிறவனின் வேகமெல்லாம் தோளில் இறங்குமாதலால், கட்டையைத் தலைக்குப் பின்னால் சுழற்றித் தோள்மூட்டைப் பழக்குகிறார். பழைய தாலிம்கூடத்து வழக்கத்தை அந்தப் பெண் தடுக்கவில்லை. கனம் குறைந்த கட்டையில் தொடங்கச் சொன்னதோடு சரி.

கடைசியில், அணியிலேயே நன்றாகப் பாடிப் போகிற பையன் ஒருவன் பின்தொடையில் இழுக்கிறதென்றான். “ஞாயித்துக்கிழமை இவன் இல்லாம எப்படிம்மா?” என்றார் மாஸ்டர். “மூணு வாரம் விடுங்க மாஸ்டர். வலியில்லாம முழு வேகத்துல ஓடிக் காட்டட்டும், நானே அனுப்புறேன்” என்று அந்தப் பெண் அவன் தொடையைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். கோப்பைக்கும் பேனருக்கும் தாராளமாகச் செலவழிக்கும் ஊர்ப் போட்டிகளில் இந்த வார்த்தையைச் சொல்ல ஓர் ஆளை வைப்பவர்கள் அரிது. மாஸ்டர் சற்று நேரம் யோசித்துவிட்டு, ஏழு பேர் பட்டியலில் அவன் பெயரை அடித்து, இன்னொருவனை அழைத்தார்.