மூன்று விநாடி

காலையில் வானொலியில் என் குரலைக் கேட்பவர்களிடம், சனிக்கிழமை மாலைகளில் நான் துப்பாக்கி பிடிக்கிறேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். தேசிய சேவையில் ரைஃபிள் தூக்கிய தம்பியே சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. 1973ஆம் ஆண்டு வந்த ஆயுதக் குற்றச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று அறிந்த தலைமுறை. "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் பழகுவது பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல். சினிமாவில் போல இடுப்பிலிருந்து உருவிச் சுடும் வேலை இதில் இல்லை. ஆனாலும் அதற்குப் பக்கத்தில் வரும் ஒன்று உண்டு. வேகச் சுற்றில் கையை 45 பாகை தாழ்த்தி நிற்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் தூக்கி, குறிபார்த்து, ஒரே ஒரு தோட்டா. அதற்கு 3 விநாடி. அடுத்த 7 விநாடி காத்திருப்பு. இப்படி ஐந்து முறை. ஒரு கைதான், மற்றக் கை உதவிக்கு வரக்கூடாது.

வானொலியில் 3 விநாடி மௌனம் என்றால் தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்றுவிடுவார். இங்கே அதே 3 விநாடி தாராளம் என்பது உடம்புக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. பயிற்றுநர் முதலில் வேகத்தையே தடைசெய்தார். தோட்டா இல்லாமல், வெற்றுச் சுவரைப் பார்த்து, எட்டு விநாடி எடுத்துத் தூக்கச் சொன்னார். இலக்கு இருந்தால் கண் அங்கே ஓடிவிடும். பார்க்க வேண்டியது துப்பாக்கியின் முன்முனையை. இலக்கு மங்கலாகவே இருக்கட்டும் என்றார். கை மேலே ஏறும்போதே விரல் விசையை மெல்ல அழுத்தத் தொடங்கிவிட வேண்டுமாம்.

துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையைத் தாண்டாது. எங்கள் வீவக வீட்டுக் கூடத்தில் அதற்குப் பதில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தல். எடை ஏறக்குறைய அதேதான். தினமும் அறுபது தடவை.

இதையெல்லாம் நான் தொடங்கியதற்குக் காரணம் அப்பாவின் கை. கோப்பிக் குவளையைப் பாதிதான் நிரப்பிக் கொடுப்போம், அவ்வளவு நடுங்கும். இரண்டு வருடத்துக்கு முன் மைக் அருகே என் செய்தித் தாள் சலசலத்தபோது எனக்கும் தெரிந்துவிட்டது. பரம்பரை நடுக்கம் என்றார் மருத்துவர். இப்போது நான் திரையைப் பார்த்தே வாசிக்கிறேன்.

பயிற்றுநரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. யார் கையும் அசையாமல் நிற்பதில்லையாம். அசைவு நிற்கட்டும் என்று காத்திருப்பவர்தான் கடைசி நொடியில் விசையை வெடுக்கென்று இழுத்துக் கெடுப்பார். ஆட ஆடவே அழுத்திக்கொண்டு போ என்றார். அதைக் கேட்ட அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஹங்கேரியின் கரோலி டாகாக்ஸ் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். 1938இல் கையெறி குண்டு வெடித்து வலது கை போனது. இடது கையால் பழகி 1948, 1952 ஒலிம்பிக்கில் வேகப் பிஸ்டலில் தங்கம் வென்றவர்.

"அவனுக்கு நடுங்காத இன்னொரு கை இருந்துச்சே," என்றார் அப்பா.

பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். போத்தலை முழுக்க நிரப்பாதே, முக்கால்வாசி வை, தண்ணீர் ஆடுவது தெரியும் என்று. இப்போது எண்ணுவதும் அவர்தான். ஐம்பத்தெட்டு வரை வந்துவிட்டு, சில நாள் வேண்டுமென்றே நாற்பதிலிருந்து மறுபடி தொடங்குவார்.